அமெரிக்க உயர்நிலைப் பள்ளி மார்ச்சிங் பேண்டு பயிற்சியில் மெட்ரோனோம் ஒலிபெருக்கியை ஏன் பின்னால் வைக்கிறார்கள்?

மார்ச்சிங் பேண்டு என்பது மைதானத்தில் அணிவகுத்து நடந்தபடியே வாசிக்கும் இசைக்குழு. மெட்ரோனோம் என்பது சீரான வேகத்தில் 'டிக் டிக்' என்று தாளம் காட்டும் கருவி. இப்போது பெரும்பாலும் கைபேசிச் செயலிதான். அதை பேட்டரி ஒலிபெருக்கியோடு இணைத்து மைதானத்துக்குக் கொண்டுவருகிறார்கள்.

சிக்கல் ஒலியின் வேகத்தில் இருக்கிறது. ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர்தான் போகும். கிரிக்கெட் மைதானத்தின் கடைசி வரிசையிலிருந்து பார்த்தால், மட்டையில் பந்து பட்ட பிறகே சத்தம் வருகிறதல்லவா, அதேதான்.

அமெரிக்கக் கால்பந்து மைதானத்தின் அகலம் ஏறக்குறைய 49 மீட்டர். ஒலிபெருக்கியை முன்பக்கம், அதாவது பார்வையாளர் பக்கம் வைத்தால், 40 மீட்டர் பின்னால் நிற்கும் டிரம்பெட் மாணவருக்கு 'டிக்' 0.12 நொடி தாமதமாகக் கேட்கும். அதைக் கேட்டு அவர் ஊதுவது முன்னால் வர இன்னொரு 0.12 நொடி. நிமிடத்துக்கு 160 தாள அடி வேகத்தில் ஓர் அடியே 0.375 நொடிதான், ஆக, பாதி அடிக்கும் மேல் பிசகு!

பின்னால், டிரம் வரிசைக்கும் பின்னால் வைத்தால் 'டிக்'கும் வாசிப்பும் ஒன்றாகவே முன்னோக்கிப் பயணிக்கும். பின்னாலிருந்து வருவதைக் கேட்டு முன்வரிசையினர் வாசித்தால் பார்வையாளருக்கு எல்லாம் சேர்ந்தே கேட்கும். பாடம் பிடிபட்டதும், நடுவில் 16 தாள அடிகளுக்கு ஒலியை நிறுத்திவிட்டு மறுபடி போட்டுப் பாருங்கள். யார் தாளத்தை முந்தி ஓடுகிறார்கள் என்பது உடனே தெரியும். இதைச் செய்யாவிட்டால் போட்டியன்று கருவி இல்லாமல் தடுமாறுவார்கள்.

நான்கு மூலைக்கும் ஒவ்வொரு ஒலிபெருக்கி வைத்தால் எல்லோருக்கும் நன்றாகக் கேட்குமே என்று பலர் நினைப்பது தவறு: ஒவ்வொருவர் காதிலும் வெவ்வேறு நேரத்தில் நான்கு 'டிக்' விழும்.