மனவளர்ச்சி குறைந்தவர்களாக நடிக்கும் நடிகர்களை நம்ப முடிகிறதா?

பெரும்பாலும் முடிவதில்லை. இதைச் சொல்ல எனக்கு இருக்கும் ஒரே தகுதி எங்கள் சின்ன மாமா. கோலாலம்பூர் செந்தூலில் ஒரே பிளாட் வீட்டில் முப்பது வருடத்துக்கு மேல் அவரோடு இருந்திருக்கிறேன்.

மாமாவுக்கு 58 வயது. கைக்குழந்தையாக இருந்தபோது காய்ச்சலோடு வலிப்பு வந்ததாகப் பாட்டி சொல்வார். எழுதப் படிக்க வராது, கணக்கும் வராது. சமூகநல இலாகா மாற்றுத்திறனாளிகளுக்குக் கொடுக்கும் ஓகேயூ அட்டையில், மலாயில் 'மசாலாஹ் பெம்பலாஜாரான்' என்று போட்டிருக்கும். கற்றல் பிரச்சினையாம். சரி, ஏதோ ஒரு பெயர் வேண்டுமே.

காலையில் கீழே போய்ப் பசியாறிவிட்டு வருவார். ரொட்டி சானாய் ஒன்று, தே தாரிக் ஒன்று. எவ்வளவு ஆனாலும் பத்து வெள்ளி நோட்டைத்தான் நீட்டுவார். பையில் சில்லறை இருந்தாலும் அதை எடுக்கமாட்டார். மீதிக் காசை உள்ளங்கையில் வைத்து இரண்டு விநாடி உற்றுப் பார்த்து, 'சரிதான்' என்று தலையாட்டிவிட்டுப் பையில் போட்டுக்கொள்வார். சின்ன வயதில் அவர் உண்மையிலேயே எண்ணுகிறார் என்றுதான் நினைத்திருந்தேன். வீட்டுக்கு வந்ததும் அந்தக் காசு அப்படியே மைலோ டின்னுக்குள் போகும். மாதக் கடைசியில் அம்மா உட்கார்ந்து எண்ணுவார். யாராவது ஒரு கடிதத்தைக் காட்டி விவரம் கேட்டால், 'கண்ணாடி கொண்டுவரல' என்பார். அவரிடம் கண்ணாடியே கிடையாது.

நாள் முழுக்க மாமா பார்க்கும் பெரிய வேலையே இதுதான். தனக்குத் தெரியாதது வெளியே தெரியக்கூடாது. சினிமாவில் நடக்கிறது இதற்கு நேர் தலைகீழ். எல்லாம் தெரிந்த ஒருவர், தெரியாதவராகத் தெரிய மெனக்கெடுகிறார். வாய் கோணும், கழுத்து சாயும், விரல்கள் காற்றில் ஆடும், குரல் மழலையாகிவிடும். குடிகாரனாக நடிக்கிறவர் தள்ளாடுவதைவிட, நேராக நடக்கப் பாடுபட்டால்தான் நமக்கு நம்பிக்கை வரும். இதுவும் அப்படித்தான்.

'மூன்றாம் பிறை'யில் (1982) ஸ்ரீதேவி குழந்தையாகவே மாறிவிடுகிறார். அங்கே அது பொருந்துகிறது. விபத்தில் நினைவு தப்பிக் குழந்தைப் பருவத்துக்குத் திரும்பிவிட்ட பெண் என்பதுதான் கதை. (தேசிய விருது கமலுக்குப் போனது. எனக்கு இன்னும் அதில் கொஞ்சம் வருத்தம் உண்டு.) அதற்கப்புறம் யாருக்கு மூளை வளர்ச்சியில் எந்தக் குறை இருந்தாலும், நம் படங்களில் அவர் குழந்தையாகத்தான் வருகிறார். மாமா குழந்தை இல்லை. வாசிக்கத் தெரியாத, 58 வயது ஆள். தினமும் சவரம் செய்துகொள்வார், அரசியல்வாதிகளைத் திட்டுவார், என் அம்மாவிடம் கோபித்துக்கொண்டு இரண்டு நாள் பேசாமல் இருப்பார்.

2011-இல் 'தெய்வத்திருமகள்' வந்தபோது மாமாவையும் கொலிசியம் தியேட்டருக்கு அழைத்துப் போனேன். மனவளர்ச்சி குறைந்த அப்பாவாக வரும் விக்ரமின் உழைப்பில் நான் குறை சொல்லமாட்டேன், அந்த உடல்மொழியைப் படம் முழுக்க விடாமல் பிடித்திருக்கிறார். ஆனால் யார் முன்னால் நின்றாலும் அவர் ஒரே மாதிரிதான் இருக்கிறார். மாமா கடைக்காரரிடம் ஒரு ஆள், அம்மாவிடம் வேறு ஆள், போலீஸ்காரரைப் பார்த்தால் முற்றிலும் வேறு ஆள். கோர்ட்டில் அப்பாவும் மகளும் சைகையில் பேசிக்கொள்ளும் கட்டத்தில் தியேட்டரே அழுதது. நானும்தான். மாமா என் பக்கம் சாய்ந்து, 'அவன் ஏன் அப்படிப் பேசுறான்?' என்று கேட்டார். 'அவனுக்கு உடம்பு சரியில்ல மாமா' என்றேன். 'பாவம்' என்று சொல்லிவிட்டு, மறுபடியும் கச்சானைக் கொறிக்க ஆரம்பித்தார்.

ஹாலிவுட்டிலும் இதே கதைதான். 'ரெயின் மேன்' (1988) படத்துக்காக டஸ்டின் ஹாஃப்மனுக்கு ஆஸ்கர் கிடைத்தது. ஆட்டிசம் உள்ளவராக வரும் அவர், அன்றாட வாடிக்கையில் ஒன்று தவறினாலும் பதறுவது உண்மைக்கு மிக அருகில் இருக்கிறது. ஆனால் அந்தப் பாத்திரம் டெலிபோன் புத்தகத்தையே மனப்பாடம் செய்யும், சூதாட்டத்தில் சீட்டுகளை நினைவில் வைத்து ஜெயிக்கும். விளைவு என்ன தெரியுமா? எங்கள் வீட்டுக்கு வந்த ஒரு உறவுக்காரர், 'தேதி சொன்னா கிழமை சொல்வாரா?' என்று மாமாவை வைத்துக்கொண்டே கேட்டார். மாமாவுக்கு இன்றைக்கு என்ன கிழமை என்பதே சில நாள் குழப்பம்தான்.

'ஹரிதாஸ்' (2013) பரவாயில்லை. அதில் ஆட்டிசம் உள்ள பிள்ளையைவிட, அப்பாவாக வரும் கிஷோரின் களைத்த முகம்தான் எனக்கு நிஜமாகப் பட்டது. அந்த முகத்தை எங்கள் பாட்டியிடம் பார்த்திருக்கிறேன்.

இப்போது வேறொரு வழியும் திறந்திருக்கிறது. 2018-இல் வந்த ஸ்பானியப் படமான 'கம்பியோனெஸ்'ஸில் கூடைப்பந்து அணியாக வருகிறவர்கள் உண்மையிலேயே அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர்கள். அவர்களில் ஒருவரான ஹெசுஸ் விதால், சிறந்த புதுமுக நடிகருக்கான கோயா விருதை வாங்கினார். ஆமிர்கான் 2025-இல் அதையே இந்தியில் எடுத்தபோதும் அப்படிப்பட்டவர்களையே நடிக்க வைத்தார். இவர்களைப் பார்க்கும்போது 'எவ்வளவு அச்சு அசலாக நடிக்கிறார்' என்ற வியப்புக்கே இடமில்லாமல் போகிறது. அவர்கள் பந்தை வலையில் போடுவதில் மும்முரமாக இருக்கிறார்கள்.

தமிழில் எனக்குப் பிடித்தது பழைய ஆள்தான். '16 வயதினிலே' (1977) சப்பாணி. கமல் அதிலும் கொஞ்சம் அதிகமாகவே செய்கிறார், வெற்றிலை, கோவணம், இழுத்து நடக்கும் கால் என்று. ஆனால் சப்பாணிக்கு ஒரு ஆசை இருக்கிறது, ஒரு ரோஷமும் இருக்கிறது. 'சப்பாணின்னு கூப்பிட்டா அறைந்துவிடு' என்று மயில் சொல்லிக்கொடுத்த பிறகு, ஊரே பயப்படும் பரட்டையை அவன் அறைகிற இடம்! கையை ஓங்குவதற்கு முன்னால் அவனுக்கே அது முடியுமா என்று தெரியாது. அது முகத்தில் தெரிகிறது.

எங்கள் பிளாட்டில் சில பையன்கள் மாமாவைப் 'பத்து வெள்ளி' என்று கூப்பிடுவார்கள். அவர் காதில் விழாத மாதிரியே நடந்துபோவார். போன தீபாவளிக்கு டிவியில் அந்தப் படம் போட்டார்கள். அறை விழுந்ததும் மாமா நாற்காலியில் இருந்து எழுந்துவிட்டார். 'இன்னொன்னு போடு' என்றார், டிவியைப் பார்த்து, சத்தமாக. அம்மா அடுப்படியில் இருந்து என்ன என்று கேட்டார். மாமா ஒன்றும் சொல்லாமல் மறுபடியும் உட்கார்ந்துகொண்டார்.