ஒலியால் வழியறியும் டால்பின் வலையில் சிக்குவது ஏன்?

கேள்வி: கங்கை டால்பின் எதிரொலியைக் கேட்டே நீந்தும் என்கிறார்கள். பிறகு எப்படி மீன்வலையில் மாட்டிச் சாகிறது?

பதில்: அதன் கண்ணில் லென்ஸ் கிடையாது, ஒலிதான் பார்வை. மீனின் செவுள் கண்ணியில் மாட்டும்படி விரிக்கும் மெல்லிய நைலான் செவுள்வலையோ எதிரொலியை மிகக் குறைவாகவே திருப்பும். வலையில் துடிக்கும் மீனைத் தேடி வரும்போது நீண்ட, பல் நிறைந்த தாடை கண்ணிகளில் சிக்கிவிடுகிறது. நுரையீரலால் சுவாசிக்கும் விலங்கு. மேலே வர முடியாவிட்டால் சில நிமிடங்களில் மூச்சு முட்டிவிடும். கோடையில் அணைகளும் கால்வாய்களும் நீரை இழுத்துக்கொள்ள, டால்பினும் மீனவரும் ஒரே ஆழமான மடுவில் நெருங்குகிறார்கள். ஆபத்து உச்சம் தொடுவது அப்போதுதான். அங்கே அந்த மாதங்களில் செவுள்வலையைத் தவிர்ப்பதே முதல் வேலை. சிக்கியதைக் கண்டால் வாலைப் பிடித்து இழுக்க வேண்டாம். தலைமேலுள்ள மூச்சுத்துளையை நீருக்கு மேலே தாங்கிப் பிடித்து, பிறகு வலையை அறுங்கள்.