கன்னியாவும் கிண்ணியாவும்

அன்புள்ள சேருக்கு,

நான் நிலாவெளி, கோணேசபுரியில் உள்ள வளாகத்தில் தொடர்பாடல் படிக்கிறேன். எங்கள் துறை மலருக்காக, திருகோணமலையில் பிறந்து கொழும்பு வானொலியில் செய்தி வாசித்து, பிறகு தொலைக்காட்சிக்குப் போய், இப்போது வெளிநாட்டில் இருக்கும் ஒரு செய்தி வாசிப்பாளரைப் பற்றிக் கட்டுரை எழுதியிருக்கிறேன். இத்துடன் இணைத்துள்ளேன். இப்படியான கட்டுரையைப் பிறப்பிலிருந்து தொடங்குவதா, முதல் வேலையிலிருந்து தொடங்குவதா? அவர் நாட்டை விட்டுப் போனதை எழுதலாமா? இன்னொன்று: எனக்கும் இந்தத் துறைக்கு வர ஆசை. என் குரல் கொஞ்சம் மெல்லியது. சரிவருமா? அவர் அடுத்த மாதம் ஊருக்கு வருகிறார். அதற்குள் திருத்திவிட வேண்டும்.

ஒரு மாணவி, திருகோணமலை

அன்புள்ள பிள்ளைக்கு,

மாணவர்கள் அனுப்பும் கட்டுரைகளுக்கு ஒரு வரியில் பதில் போட்டுவிடுவது என் வழக்கம். இதற்கு அப்படிப் போட மனம் வரவில்லை. நீங்கள் எழுதியிருக்கும் மனிதரை எனக்குத் தெரியும். ஒவ்வொரு டிசம்பரிலும் அவருடைய நினைவு வரும். இந்த முறை உங்கள் கடிதமும் சேர்ந்து வந்திருக்கிறது.

குரல் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். மெல்லிய குரல் ஒரு குறையே இல்லை. மூச்சை எங்கே எடுப்பது என்று பழகினால் போதும். ஒவ்வொரு நாளும் பேப்பரைச் சத்தமாக வாசியுங்கள். அவர் வெளிநாடு போனதைத் தாராளமாக எழுதலாம். அதில் மறைக்க ஒன்றும் இல்லை.

இனிக் கட்டுரைக்கு வருகிறேன். கோபிக்க வேண்டாம், அதை வாசித்து எனக்குக் கோபம் வந்தது. 'கம்பீரக் குரலால் கோடி நெஞ்சங்களைக் கொள்ளைகொண்டவர்' என்று தொடங்குகிறீர்கள். பிறகு படித்த பாடசாலை, பகுதிநேர அறிவிப்பாளர், நிரந்தர அறிவிப்பாளர், செய்திப் பிரிவு, தொலைக்காட்சி, விருது, பொன்னாடை. மூன்று பக்கம். இருபது வருடத்துக்கு மேல் செய்தி வாசித்த ஒருவரைப் பற்றிய மூன்று பக்கத்தில் ஒரு செய்திகூட இல்லை! அவர் என்ன வாசித்தார்? எந்த நாளில் வாசித்தார்? வாசித்துவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட முடிந்ததா? தச்சரைப் பற்றி எழுதினால் அவர் செய்த கதவைப் பற்றி ஒரு வரி எழுத மாட்டீர்களா? நம்முடைய மலர்களில் எல்லாரையும் இப்படித்தான் எழுதுகிறோம். பெயரை மாற்றிவிட்டால் அதே கட்டுரை ஒரு வங்கி முகாமையாளருக்கும் பொருந்தும்.

நீங்கள் நல்ல பிள்ளை. தேடி, தொலைபேசியில் பேசி, நேரம் செலவழித்திருக்கிறீர்கள். தெரிகிறது. ஆனால் அவரிடம் கேட்க வேண்டியதைக் கேட்கவில்லை.

செய்தி வாசிப்பவருக்கு உண்மையில் சொந்தம் என்று இருப்பது ஊர்ப் பெயர்களும் ஆட்களின் பெயர்களும்தான். மற்றதெல்லாம் தாளில் இருக்கிறது. நிருபர் சொன்னது, மொழிபெயர்ப்பாளர் எழுதியது, ஆசிரியர் வெட்டியது. பெயர் மட்டும் வாசிப்பவரின் வாயில்தான் உயிர் பெறுகிறது. கொழும்புச் செய்தி அறைகளில் நம் மாவட்டத்துச் செய்தி பல நேரம் ஆங்கிலத்திலோ சிங்களத்திலோ வந்து, அங்கேதான் தமிழாகும். ஆங்கில எழுத்தில் இருக்கும் ஈச்சிலம்பற்றையோ திரியாயையோ, ஊர் தெரியாத ஒருவர் எப்படி வாசிப்பார் என்று யோசித்துப் பாருங்கள். தம்பலகாமத்தை அந்த ஊர்க்காரருக்கே விளங்காதபடி வாசித்தவர்களைக் கேட்டிருக்கிறேன். திருகோணமலையைச் சுருக்கி 'திருமலையில் பதற்றம்' என்று நாம் சொன்னால் தமிழ்நாட்டில் இருப்பவர் திருப்பதி என்றுதான் நினைப்பார். நாமே இன்னும் ஒரு பலகையில் திருகோணமலை, அடுத்த பலகையில் திருக்கோணமலை என்று எழுதிக்கொண்டிருக்கிறோம். அது இருக்கட்டும்.

என் அப்பா இரவு ஒன்பதேகாலுக்கு லண்டன் பி.பி.சி.யின் தமிழ்ச் செய்தி கேட்பார். அந்த ஒலிபரப்புக்குத் 'தமிழோசை' என்று பெயர் வைத்தவரே நம் நாட்டுக்காரரான சோ. சிவபாதசுந்தரம்தான். அதன் சிற்றலை ஒலிபரப்பு 2017 ஏப்ரலில் நின்றுபோனது. செய்தியில் நம் பக்கத்து ஊர் வந்தால் அப்பா கையை உயர்த்தி எங்களைப் பேசாமல் இருக்கச் சொல்வார். மூதூர் மூதூராகவே வந்தால், 'ஆள் ஊர் தெரிஞ்சவன்' என்பார். அதற்குப் பிறகுதான் அந்தச் செய்தியை நம்புவார்.

இப்போது 2004 டிசம்பர் 26, சுனாமி வந்த நாள். அன்று ஞாயிற்றுக்கிழமை, பௌர்ணமி விடுமுறையான போயா தினம். நான் அப்போது கொழும்பில் இருந்த ஒரு வானொலிக்குப் பிரதேச நிருபர். காலை ஒன்பது மணியளவில் கடல் வந்தது. கிண்ணியாவில் ஆஸ்பத்திரிக்குள்ளேயே தண்ணீர் புகுந்துவிட்டது என்று அங்கிருந்து ஒருவர் தொலைபேசியில் அழுதுகொண்டே சொன்னார். கைத்தொலைபேசிகள் வேலை செய்யவில்லை. என்.சி. வீதியில் காசு கொடுத்துப் போன் பேசும் ஒரு கொமியூனிகேசன் கடையில் வரிசையில் நின்று, கொழும்புக்கு இணைப்புக் கிடைத்ததும் கத்திச் சொன்னேன். லைனில் ஒரே இரைச்சல். ஊர்ப் பெயரை ஒரே ஒரு தடவைதான் சொன்னேன்.

பிறகு அனுராதபுரச் சந்திக்கு வந்தேன். ஓர் ஓட்டோவின் றேடியோவைச் சுற்றிச் சனம் நின்றது. பன்னிரண்டு மணிச் செய்தி. நீங்கள் எழுதும் அந்த மனிதர்தான் வாசித்தார். 'கன்னியா வைத்தியசாலைக்குள் கடல் புகுந்தது' என்றார்.

நம் ஊரார் யாருக்கும் இதை விளக்கத் தேவையில்லை. கன்னியா வெந்நீர்க் கிணறுகள் இருக்கும் இடம், கடலை விட்டு உள்ளே தள்ளி இருப்பது. கிண்ணியா கடலும் குடாவும் சூழ்ந்த ஊர். ஆனால் அன்றைக்கு யாருக்கும் எதுவும் நடக்கலாம் என்று தோன்றியது. கடல் கன்னியா வரைக்கும் போய்விட்டது என்றால் நம்பினார்கள். மகளை அங்கே கட்டிக்கொடுத்திருந்த ஒரு பெரியவர் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு ஓடினார். பெடலில் கால் வைக்க முடியாமல் இரண்டு தரம் வழுக்கியது.

என் பக்கத்தில், ஒரு கை தூரத்தில், ஓர் உம்மா நின்றார். பன்பாய் விற்க வருபவர், முகம் தெரிந்தவர், கிண்ணியாக்காரர். செய்தி முடிந்ததும் முந்தானையால் முகத்தைத் துடைத்தார். 'அல்ஹம்துலில்லாஹ், எங்கட ஊர் இல்ல' என்றார். தேநீர்க் கடை வாசலில் உட்கார்ந்து ஒரு பிளேன்ரீ கேட்டார்.

நான் அவரிடம் சொல்லவில்லை. எனக்குத் தெரியும், நான்தான் அந்தச் செய்தியைக் கொடுத்தவன். ஆனாலும் வாய் வரவில்லை. முதலில் கொழும்புக்குச் சொல்லித் திருத்த வேண்டும் என்று கடைக்கு ஓடினேன். இணைப்புக் கிடைக்க இரண்டு மணி தாண்டிவிட்டது. அதற்குள் இன்னும் இரண்டு செய்தியில் கன்னியா என்றே போய்விட்டது. திரும்பி வந்தபோது அந்த உம்மா இல்லை. யாரோ விஷயத்தைச் சொல்லிவிட்டார்களாம், கிண்ணியாவுக்குக் கடக்கும் பாதைத்துறைக்கு, அதாவது படகுத்துறைக்கு, ஓடினாராம். அப்போது கிண்ணியாவுக்குப் பாலம் கிடையாது, அது 2009இல்தான் வந்தது. அவருடைய ஆட்கள் இருந்தார்களா, போய்விட்டார்களா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அதற்குப் பிறகு அவரைச் சந்தியில் நான் காணவில்லை. இலங்கையில் 30,000க்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுபோன நாளில் ஓர் எழுத்து என்ன பெரிய விஷயம் என்று அந்த வாரம் ஒருவர் என்னிடம் கேட்டார். அவரோடு நான் பிறகு பேசவில்லை.

நாலு நாள் கழித்து அந்தச் செய்தி வாசிப்பாளர் எனக்குப் போன் எடுத்தார். தட்டச்சுப் பிழை என்றோ லைன் சரியில்லை என்றோ சொல்லவில்லை. 'அண்ணை, நான் திருமலையிலை பிறந்தவன். கடல் கன்னியாவுக்கு வராது எண்டு எனக்குத் தெரியும். கன்னியாவிலை அப்பிடி ஒரு ஆஸ்பத்திரியும் இல்லை எண்டு தெரியும். தாளிலை இருந்தது, வாசிச்சுப்போட்டன். ஏன் வாசிச்சன்?' என்றார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. நான் ஏன் எழுத்துக் கூட்டிச் சொல்லவில்லை என்று நானும் கேட்டேன். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தோம்.

அடுத்த மாதத்திலிருந்து அவர் ஒரு சீ.ஆர். கொப்பி, தடித்த பெரிய குறிப்பேடு, வைத்துக்கொண்டார். கிழமைக்கு இரண்டு தரமாவது போன் வரும். 'அண்ணை, கட்டைபறிச்சானுக்கு வல்லின றகரமோ?' 'குச்சவெளிக்கு நடுவிலை ச் வருமோ?' 'புல்மோட்டைக்குக் கிட்ட என்ன ஊர்?' வடக்கு, கிழக்கு, மலையகம் என்று எல்லா ஊரையும் அகரவரிசையில் எழுதினார். பக்கத்தில் கடல் உண்டா, ஆறு உண்டா, எந்தப் பிரதேச செயலகம் என்று சின்னக் குறிப்பு. புதிதாக வந்த பிள்ளைகளுக்கு அந்தக் கொப்பியைக் கொடுத்துப் படிக்கச் சொல்வார் என்று கேள்விப்பட்டேன். உங்கள் கட்டுரையில் விருதுகளுக்கு ஒரு முழுப் பந்தி இருக்கிறது. இந்தக் கொப்பியைப் பற்றி ஒரு வரி இல்லை. நீங்கள் கேட்டிருக்கவே மாட்டீர்கள்.

இன்னொன்றும் கேளுங்கள். அவர் யார் யார் கொடுத்த செய்திகளை வாசித்தார்? அந்தக் காலத்து நிருபர்களின் பெயர் ஒரு மலரிலும் வராது. யாழ்ப்பாணத்திலிருந்து தமிழோசைக்குச் செய்தி சொன்ன மயில்வாகனம் நிமலராஜன் 2000 அக்டோபர் 19 அன்று வீட்டில் வைத்துக் கொல்லப்பட்டார். நம் ஊரில், 2006 ஜனவரி 2 அன்று கடற்கரையில் கொல்லப்பட்ட ஐந்து மாணவர்களின் உடல்களைப் படம் எடுத்தவர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன். குண்டு வெடித்துச் செத்தார்கள் என்று சொல்லப்பட்டது, சுட்ட காயங்களை அவருடைய படங்கள் காட்டின. அதே மாதம் 24ஆம் திகதி காலை அவரையும் சுட்டார்கள். அவர் பத்திரிகைக்காரர், வானொலிக்காரர் அல்ல. ஆனால் அப்படிப்பட்டவர்கள் தெருவில் நின்று எடுத்துக்கொடுத்ததைத்தான் குளிரூட்டிய அறையில் இருந்து ஒருவர் வாசிக்கிறார். அந்த ஜனவரியில் நீங்கள் எழுதும் மனிதர் எந்த நேரச் செய்தியில் இருந்தார், அந்தப் பெயர்களை வாசித்தாரா, வாசிக்க விட்டார்களா? நாட்டை விட்டுப் போனதை எழுதலாமா என்று என்னிடம் கேட்கிறீர்கள். ஏன் போனார் என்று அவரிடமே கேட்டிருக்க வேண்டாமா?

எங்கிருந்து தொடங்குவது என்ற கேள்விக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. எங்கிருந்து வேண்டுமானாலும் தொடங்குங்கள். அந்த முதல் வரியை மட்டும் தயவுசெய்து வெட்டிவிடுங்கள்.

கன்னியா விஷயத்தை இங்கே எழுதலாமா என்று நேற்று அவரிடம் கேட்டேன். 'எழுதுங்கோ அண்ணை, பிள்ளையும் எழுதட்டும்' என்றார். கொப்பி இன்னும் இருக்கிறதா என்று நான் கேட்கவில்லை. அது உங்கள் வேலை. வரும்போது கையோடு கொண்டுவரச் சொல்லுங்கள். 'க' பக்கத்தையும் 'கி' பக்கத்தையும் விரித்து, கன்னியாவுக்கும் கிண்ணியாவுக்கும் நேரே என்ன குறிப்பு எழுதியிருக்கிறார் என்று பார்த்து எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.

அன்புடன்.