கண்ணை மூடுவதற்கு முன்னால் கை

வணக்கம்ங்க. திருப்பூரில் மனநல ஆலோசகராக இருக்கிறேன். என்னிடம் வருபவர்களில் பாதிப்பேர் பனியன் கம்பெனிப் பெண்கள். படம், களிமண், மரஞ்செடிகளுக்கு நடுவே நடை, மூச்சைக் கவனித்தல் இவற்றைச் சேர்த்துச் செய்ய ஆசை. போன வாரம் பவர்டேபிள் (தையல் மெஷின்) ஓட்டும் ஒரு பெண்ணைக் கண்ணை மூடி மூச்சைக் கவனிக்கச் சொன்னேன். இரண்டே நிமிடத்தில் படபடத்து எழுந்துவிட்டார். எங்கே தவறினேன்?

எஸ்., திருப்பூர்

அன்புள்ள எஸ்.,

தவறு வரிசையில்தான். கடைசியில் வரவேண்டியதை முதலில் கொடுத்துவிட்டீர்கள். பதற்றம் உள்ளவருக்கு மூச்சும் நெஞ்சுத் துடிப்புமே பயத்தின் அடையாளம். அதையே உற்றுப் பார்க்கச் சொன்னால் பயம் ஏறும். கண்ணையும் மூடினால் அறை மறைந்து பழைய நினைவு முன்னால் வந்துவிடும். மூச்சையும் உடலையும் கவனிக்கப் பழக்க, ஜான் கபாட்-ஜின் என்பவர் 1979இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் தொடங்கிய பயிற்சியே 8 வாரம் நடப்பது. அதை ஒரே அமர்வுக்குள் அடக்க முடியாது.

கையில் தொடங்குங்கள். முதல் இரண்டு மூன்று அமர்வுக்குக் கலர் பென்சிலும் ஏ4 தாளும் போதும். தட்டைக் கவிழ்த்து ஒரு வட்டம் போட்டுக் கொடுங்கள். எல்லை இருந்தால் வெறுந்தாள் மிரட்டாது. வாட்டர்கலர் இப்போது வேண்டாம். ஓடுகிற பொருள் உணர்ச்சியையும் ஓடவிடும், பென்சில் பிடித்து நிறுத்தும்.

அப்புறம் களிமண். குயவரிடம் பிசைந்த மண்ணாகவே வாங்குங்கள், ஆளுக்கு அரைக் கிலோ. கட்டைவிரலால் அழுத்தினால் பள்ளம் அப்படியே நிற்க வேண்டும், விரலில் ஒட்டக் கூடாது. பக்கத்தில் தண்ணீர்க் கிண்ணம் வைத்தால் தொட்டுத் தொட்டுச் சேறாக்கிவிடுவார்கள், ஈரத்துணி போதும். பீஸ் கணக்கில் வேலை செய்து பழகியவர், "எத்தனை செய்யணுங்க?" என்று கேட்பார். ஒரே ஒரு உருண்டை, அதுவும் மெதுவாக, என்று சொல்லுங்கள். அந்தக் கைகளுக்கு அவசரமில்லாத வேலை கிடைப்பதே பெரிய விஷயம்.

ஒரு மணி நேரத்தில் செய்வதற்கு அரைமணி, பேசக் கால்மணி. "ஏன் கறுப்பு?" என்று கேட்காதீர்கள். "உங்கள் கண் முதலில் எங்கே போகிறது?" என்று கேளுங்கள். செய்ததைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடுவது நம்பிக்கைத் துரோகம்.

நடைக்குக் காடு தேட வேண்டாம், ஊர்ப்பக்கத்துக் கிளுவை முள்செடி வேலி போதும். வெயில் ஏறுமுன் 20 நிமிடம், பாதி நேரம் ஒரே இடத்தில் நின்று பார்க்கட்டும். கோடையில் இலை உதிர்ந்து வெறும் முள்ளாக நிற்கும். மழை விழுந்தால் துளிர்க்கும். "உங்கள் வாழ்க்கையும் இப்படித்தான்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். சொன்ன நிமிடமே வேலியை விட்டுவிட்டு உங்களுக்குத் தலையாட்டத் தொடங்குவார்.

ஐந்தாறு அமர்வு தாண்டிய பிறகு உட்கார வையுங்கள். கண் திறந்தே இருக்கட்டும், பார்வை தரையில். அப்போதும் மூச்சு வேண்டாம். செருப்பைக் கழற்றி, உள்ளங்காலில் தரையின் குளிர்ச்சி, மூன்று நிமிடம். எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம் என்று முன்கூட்டியே சொல்லுங்கள்.

சாவைப் பற்றிய பேச்சு வந்தால் தாளையும் மண்ணையும் ஒதுக்கிவிட்டு மனநல மருத்துவரிடம் அனுப்புங்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416ஐயும் எழுதிக் கொடுங்கள்.

அந்தப் பெண் மறுபடி வந்தால், போன வாரம் நடந்தது அவருடைய குறையில்லை என்று முதலில் சொல்லுங்கள். பென்சிலை அப்புறம் எடுக்கலாம்.