பூச்சியைக் காட்டுமுன் செடியைச் சொல்லுங்கள்

மாரி ஓய்ந்து வளவெல்லாம் தளிர்த்து நிற்கும் நேரம் இது. மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்திலிருந்து படங்களோடு வந்த கேள்விகளுக்கு, உயிரியல் படிப்பித்து ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் பதில் சொல்கிறார்.

கல்லடி: ரீச்சர், இரவு வாசல் லைட்டுக்கு ஒரு பெரிய பூச்சி வந்து சுவரில் ஒட்டிக்கொண்டது. ஆமி உடுப்பு மாதிரிப் பச்சை, நடுவில் வெள்ளையும் மெல்லிய ரோசாவும். இது என்ன வண்ணத்துப்பூச்சி?

வண்ணத்துப்பூச்சி இல்லை, அந்துப்பூச்சி. ஆங்கிலத்தில் ஒலியாண்டர் ஹோக் மொத், அறிவியல் பெயர் டாப்னிஸ் நேரி. 1758இலேயே லின்னேயஸ் இதை விவரித்துவிட்டார். சிறகை விரித்தால் 9 முதல் 11 சென்ரிமீற்றர் வரும். வளவில் அலரி, நந்தியாவட்டை, பட்டிப்பூ ஏதாவது நிற்கிறதா? நின்றால் அதன் புழுப் பருவம் அங்கேதான் கழிந்திருக்கும். பொழுதுபடும் நேரத்தில் மல்லிகைப் பந்தலடியில் நின்று பாருங்கள். பூவில் உட்காராமல், அந்தரத்தில் சிறகடித்தபடியே தேன் குடிக்கும்.

வாழைச்சேனை: நந்தியாவட்டையில் விரல் மொத்தத்தில் பச்சைப் புழுக்கள். முன்பக்கம் இரண்டு நீலக் கண், பின்பக்கம் ஒரு கொம்பு. குத்துமா? மருந்தடிக்கட்டுமா?

குத்தாது, கடிக்காது, மருந்தும் வேண்டாம். கல்லடியில் சுவரில் இருந்ததும் உங்கள் செடியில் இருப்பதும் ஒரே இனம்தான். அந்த நீலக் கண்கள் வெறும் புள்ளிகள். உண்மையான தலை அதற்கு முன்னால் சின்னதாக இருக்கிறது. தொட்டால் தலையை உள்ளே இழுத்துக்கொண்டு முன்னுடலை ஊதிக் காட்டும். அப்போது புள்ளிகள் பெரிதாகத் தெரியும், கொத்த வந்த குருவி ஒரு கணம் தயங்கும். கொம்பிலும் விஷமில்லை. செடியை மொட்டையடிக்கத்தான் செய்யும், ஆனால் நந்தியாவட்டை அதற்கெல்லாம் சாகாது, திரும்பத் தளிர்க்கும். மனம் கேட்காவிட்டால் புழுவைக் கையால் எடுத்து வேலியோர அலரியில் விடுங்கள்.

களுவாஞ்சிகுடி, உயர்தர மாணவி: ரீச்சர், செயற்திட்டத்துக்கு அலரியில் வரும் இந்தப் புழுவை வளர்க்கலாமா? எத்தனை நாள் எடுக்கும்?

நல்ல தெரிவு, மகள். முட்டை இளம்பச்சை, உருண்டை, குண்டூசித் தலையளவு. தளிரிலையில் ஒவ்வொன்றாக இட்டிருக்கும். சில நாளில் பொரிக்கும். பொரித்த புழு மஞ்சள், கொம்பு மட்டும் கறுத்து உடம்புக்குப் பொருந்தாத நீளத்தில் நிற்கும். பிறகு பச்சையாகும். நாலு தடவை தோல் கழற்றி ஐந்தாம் பருவத்துக்கு வரும்போது கொம்பு கட்டையாகி, கொம்பின் நிறமும் மஞ்சளாகிவிடும். புழுவாக இரண்டு மூன்று கிழமை, கூட்டுப்புழுவாக ஏறக்குறைய இரண்டு கிழமை. எல்லாம் சேர்த்து ஒரு மாதமும் கொஞ்சமும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு நாள் காலையில் புழு பச்சை மாறிக் கபில நிறத்தில் கிடக்கும். பிள்ளைகள் செத்துவிட்டது என்று எறிவது இந்தக் கட்டத்தில்தான். எறியாதீர்கள்! அது செடியை விட்டு இறங்கி, நிலத்துச் சருகுக்குள் போகத் தயாராகிறது. போத்தலின் அடியில் காய்ந்த சருகு போட்டு வைத்தால், இலைகளை நூலால் தளர்வாகக் கோத்து அதற்குள் கூட்டுப்புழுவாகும். ஒரு குச்சியும் சாய்த்து வையுங்கள். வெளிவரும் பூச்சி மேலே ஏறித் தொங்கினால்தான் சிறகு ஒழுங்காக விரியும். அப்புறம், அலரிப் பால் நஞ்சு. இலை ஒடித்தபின் சவர்க்காரம் போட்டுக் கை கழுவ வேண்டும்.

ஏறாவூர்: டீச்சர், முருங்கை அடிமரத்தில் மயிர்க்கொட்டி அப்பிக் கிடக்கிறது. இதையும் விட்டுவிடச் சொல்வீர்களா?

மாட்டேன். அதன் மயிர் பட்டால் அரிப்புத் தாங்க முடியாது. இரவில் இலை தின்றுவிட்டுப் பகலில் அடிமரத்தில் கூட்டமாக ஒட்டியிருக்கும். பகலில் பந்தம் பிடித்து அழிப்பதுதான் பழைய வழி, சின்னப் பிள்ளைகளைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள். மேலில் பட்டுவிட்டால் தேய்க்கக் கூடாது. ஒட்டும் ரேப்பை வைத்து மயிரை இழுத்தெடுத்துவிட்டுக் கழுவுங்கள். இதுவும் அந்துப்பூச்சியின் புழுதான், வளர்ந்த பூச்சி மஞ்சள் கலந்த கபில நிறத்தில் வரும்.

தம்பிலுவில்: முதுகில் மண்டையோடு போட்ட பூச்சி ஒன்று வீட்டுக்குள் வந்து கீச்சென்று கத்தியது. அம்மம்மா கெட்ட சகுனம் என்கிறா.

அம்மம்மாவிடம் அது தேன் திருடி என்று சொல்லுங்கள். தேன்கூட்டுக்குள் நுழைந்து குடிக்கும் பழக்கம் அதற்கு. கத்துவது வாயால் அல்ல, தேன் உறிஞ்சும் குழல் வழியே காற்றைத் தள்ளி எழுப்பும் சத்தம். பக்கத்தில் யாராவது எள்ளுப் போட்டிருக்கிறார்களா? இதன் புழு எள்ளுச் செடியை விரும்பித் தின்னும்.

அம்பாறை: தேக்கு மரங்கள் இலையில்லாமல் நிற்கின்றன, கீழே போனால் புழு நூலில் தொங்குகிறது. மரம் பட்டுவிடுமா?

பெரும்பாலும் பட்டுப்போகாது, மீண்டும் துளிர்க்கும். வளர்ச்சிதான் குறையும். விழுந்த இலையை எடுத்துப் பாருங்கள். இளம் இலையைத் தடித்த நரம்பு மட்டும் மிஞ்சத் தின்று, ஓரத்தை வெட்டி மடித்து அதற்குள் புழு ஒளிந்திருந்தால் அது ஹிப்லியா பியூரா என்ற அந்துப்பூச்சியின் புழு. நரம்பெல்லாம் வலைபோல மிஞ்சியிருந்தால் வேறொரு அந்து, அது முற்றிய இலைக்கு வருவது. ஹிப்லியாவின் பூச்சி சிறியது. முன்சிறகு சாம்பல் கபிலம், பின்சிறகில் கறுப்போடு செம்மஞ்சள். சூடான காலத்தில் மூன்று கிழமை அளவில் ஒரு தலைமுறை முடிந்துவிடும். அதனால்தான் தளிர் வந்ததும் திடீரென்று பெருகுகிறது.

அக்கரைப்பற்று: டீச்சர், அலரிப் புழுவைக் கூட்டுப்புழு வரை வளர்த்தோம். கடைசியில் பூச்சி வரவில்லை, உள்ளேயிருந்து ஈக்கள்தான் வந்தன. எங்கே பிழைவிட்டோம்?

நீங்கள் ஒன்றும் பிழைவிடவில்லை. புழு செடியில் இருந்தபோதே ஒட்டுண்ணி ஈ ஒன்று அதில் முட்டையிட்டிருக்கிறது. ஈயின் குஞ்சுப்புழுக்கள் உள்ளிருந்து தின்று வளர்ந்துவிட்டன. அடுத்த முறை முட்டையாகவே எடுத்து, வாயை மெல்லிய துணியால் கட்டிய போத்தலில் வளருங்கள். அந்த ஈக்களையும் கொல்லாமல் வெளியே விடுங்கள். செடிகளில் புழு அளவுக்கு மீறிப் பெருகாமல் பார்ப்பவை அவைதான்.