ஈரத்துக்குக் கழித்த கிலோ

அன்புள்ள ஐயா,

காக்கநாட்டில் ஒரு மென்பொருள் கம்பெனியில் டீம் லீடாக இருக்கிறேன். எனக்குக் கீழே எட்டுப் பேர். நான் சேர்ந்தபோது சின்னக் கம்பெனி. முதலாளி எல்லோரையும் பேர் சொல்லிக் கூப்பிடுவார், கேன்டீனில் எங்களோடு உட்கார்ந்து சாப்பிடுவார். போன வருடம் கம்பெனி கைமாறியது. இப்போதைய சி.இ.ஓ.வைத் திரையில்தான் பார்க்கிறோம். மாதம் ஒருமுறை 'நாம் ஒரே குடும்பம்' என்று மெயில் வரும். அப்ரைசலில் பாதிப் பேருக்கு ஒன்றுமில்லை. நல்ல தலைமை போனால் கம்பெனியின் பண்பாடும் போய்விடுமா? நான் இருப்பதா, விலகுவதா? தலைமை பற்றிப் படிக்க ஏதாவது சொல்லுங்கள்.

ச., காக்கநாடு

அன்புள்ள ச.,

குடும்பம் என்று மெயில் போடுகிறவரை விடுங்கள், அவரைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. உங்கள் பழைய முதலாளிதான் எனக்கு இடிக்கிறார். பேர் சொல்லிக் கூப்பிட்டதையே பெரிய குணமாக எழுதியிருக்கிறீர்கள்.

நான் வண்டிப்பெரியாறு பக்கம் தேயிலை எஸ்டேட்டில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் வளர்ந்தவன். அம்மா கொழுந்து எடுத்தாள். எங்கள் எஸ்டேட் துரைக்கும், அதாவது மேனேஜருக்கும், எல்லோர் பேரும் தெரியும். காலையில் ஆள் கணக்கெடுக்கும் மஸ்டருக்கு வந்து நிற்பார். யார் பிள்ளை எந்த வகுப்பு என்பதுவரை விசாரிப்பார். அவர் மாற்றலாகிப் போனபோது அம்மா அழுதாள். ஆனால் மழைக்காலத்தில் எடுத்த கொழுந்தின் நிறுவையில் ஈரத்துக்கென்று கொஞ்சம், சாக்குக்கென்று கொஞ்சம் கிலோ கழிப்பார்கள். நனைந்த சாக்குகூட அவ்வளவு கனக்காது என்று லயத்தில் குழந்தைக்கும் தெரியும். துரையே நிறுவைக்கு வந்து நின்ற நாளிலும் ஒருத்தி வாய் திறக்கவில்லை. பக்கத்தில் வேலை வாங்கும் மேற்பார்வையாளர், கண்டக்டர், நின்றாரே! நாளைக்கு யாருக்கு எந்தச் செடி வரிசை என்பது அவர் கையில். துரை நல்லவர்தான், சந்தேகமில்லை. எஸ்டேட்டை விட்டுப் போகும்வரை அந்தக் கிலோ கணக்கு அவர் காதுக்குப் போகவில்லை.

மூணாற்றில் 2015 செப்டம்பரில் நடந்ததை எடுத்துக்கொள்ளுங்கள். 2005இல் டாடா டீ அங்குள்ள தேயிலைத் தோட்டங்களை நடத்துவதிலிருந்து ஒதுங்கியபோது உருவான கண்ணன் தேவன் கம்பெனியில் பங்குதாரர்களில் பெரும்பாலோர் தொழிலாளர்களே. பலரும் மெச்சிய ஏற்பாடு. பத்து வருடம் கழித்து, லாபம் குறைந்துவிட்டது என்று போனஸை 10 சதவீதமாக வெட்டினார்கள். அன்றைக்கு நாள் கூலி 232 ரூபாய், அதற்கு 21 கிலோ எடுத்தாக வேண்டும். பெண்கள் ஆயிரக்கணக்கில் இறங்கி வந்து மூணாறு டவுனை மறித்து உட்கார்ந்துவிட்டார்கள். கம்பெனி மேல் கோபம் இல்லாமல் இல்லை. அதைவிடப் பெரிய கோபம் சங்கத் தலைவர்கள் மேல். சி.ஐ.டி.யு., ஏ.ஐ.டி.யு.சி., ஐ.என்.டி.யு.சி. என்று யாரையும் கிட்டே சேர்க்கவில்லை. கம்பெனியிடம் சலுகை வாங்கிக்கொண்டு தங்களைக் காட்டிக்கொடுத்தார்கள் என்பது அந்தப் பெண்கள் சொன்ன குற்றச்சாட்டு. ஒன்பது நாள் உட்கார்ந்து, போனஸும் கருணைத்தொகையுமாகக் கேட்ட 20 சதவீதத்தை வாங்கிக்கொண்டுதான் எழுந்தார்கள்.

பங்கு அவர்கள் பேரில் இருந்தது. சங்கமும் இருந்தது, அதுவும் மூன்று. கீழே நடப்பதை மேலே கொண்டுபோக வேண்டிய ஆட்கள் நடுவில் உட்கார்ந்து வாயை மூடிக்கொண்டால் மேலே யார் இருந்து என்ன?

சரி, இப்போது உங்களைக் கேட்கிறேன். உங்கள் கம்பெனியில் நடுவில் இருப்பது யார்? கடிதம் முழுக்க சி.இ.ஓ. புராணம். அந்த எட்டுப் பேர் ஒரே வரியில் வந்து போய்விட்டார்கள். அவர்களில் யாருக்கு இன்க்ரிமென்ட் இல்லை? அந்த ரேட்டிங்கைப் போட்டது யார்? மேலிருந்து வந்த பட்டியல் என்றால், இது சரியில்லை என்று பதிலுக்கு ஒரு வரியாவது எழுதினீர்களா? பழைய முதலாளி இருந்த காலத்திலாவது அவர்களுக்காக எதையாவது கேட்டிருக்கிறீர்களா, அல்லது கேன்டீனில் அவர் பக்கத்தில் இடம் கிடைத்ததே போதும் என்று இருந்துவிட்டீர்களா?

கோபித்துக்கொள்ளாதீர்கள் தம்பி. மனசு உறுத்தாத ஆள் இப்படியெல்லாம் கடிதம் எழுதமாட்டான், எனக்குத் தெரியும். அந்த உறுத்தலை முழுக்க சி.இ.ஓ. மேலேயே செலவழிக்கிறீர்களே என்றுதான் ஆதங்கம்.

இருப்பதா விலகுவதா என்பதற்கு என்னிடம் தத்துவம் எதுவும் இல்லை. கடன், தவணை இருந்தால் வேறு வேலைக்கான ஆர்டர் கைக்கு வரும்வரை விடாதீர்கள். தலைமை பற்றிய புத்தகங்கள் நான் படிப்பதில்லை. முதலில் அந்த எட்டுப் பேரிடமும் தனித்தனியாகப் பேசிவிட்டு அப்புறம் எழுதுங்கள். கேன்டீனில் வைத்துப் பேச வேண்டாம், அங்கே ஹெச்.ஆர். ஆள் ஒருவர் எப்போதும் டீ குடித்துக்கொண்டிருப்பார்.