பல் நாற்காலியில் கெட்ட சேதி: கேள்வி பதில்

வாய்நோய்ப் பிரிவில் பயிற்சி டாக்டர்களோடு பல வருடமாக இருக்கிறேன். கேளுங்க.

கேள்வி (பயிற்சி மருத்துவர், கோவை): பயாப்ஸியில் (சதைத் துணுக்கு எடுத்துச் செய்யும் சோதனை) புற்றுநோய் என்று வந்துவிட்டது. எப்படி ஆரம்பிப்பது?

பதில்: முதலில் நாற்காலியை நிமிர்த்துங்க. படித்து வந்த புதிதில், சோமனூர் விசைத்தறிக்காரர் ஒருவரிடம் அவர் மல்லாந்து படுத்திருக்கும்போதே சொல்லிவிட்டேன். கண்ணில் லைட், வாயில் பஞ்சு. பேச முடியாமல் தலையை மட்டும் ஆட்டினார். இன்றைக்கும் அது கண்ணுக்குள்ளேயே நிற்கிறது.

பஞ்சை எடுங்க, லைட்டை அணைங்க, மாஸ்க்கை இறக்கிவிட்டு எதிரில் உட்காருங்க. "இதுவரைக்கும் உங்ககிட்ட என்ன சொல்லியிருக்காங்க?" என்று கேளுங்க. புற்றுநோய் மருத்துவர்கள் 2000-ல் வெளியிட்ட 'ஸ்பைக்ஸ்' முறையின் ஆறு படியும் இந்த வரிசைதான்: சூழல், அவருக்குத் தெரிந்தது, எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார், சேதி, அவர் மனசு, அடுத்த வழி.

"ரிசல்ட் நல்லபடியா வரலீங்க. கேன்சர்னு வந்திருக்குதுங்க." இவ்வளவுதான். 'வளர்ச்சி', 'கட்டி' என்று பூசி மெழுகினால், சாதாரணப் புண் என்று நினைத்து மறுபடி வராமலே இருந்துவிடுவார். சொன்னதும் பேசாமல் இருங்க. அந்த அரை நிமிடம் நமக்குத்தான் தாங்காது. ஸ்டேஜ், ரேடியேஷன் என்று அடுக்கினால் ஒன்றும் காதில் ஏறாது.

கேள்வி (பல் மருத்துவர், தாராபுரம்): "அப்பாகிட்டச் சொல்லிப்போடாதீங்க" என்று மகன் கெஞ்சுகிறார்.

பதில்: அவரைக் கடிந்துகொள்ளாதீங்க, பயத்தில் கேட்கிறார். ஆனால் கத்தி படப்போவது அப்பா உடம்பில். "ரிசல்ட்டை உங்ககிட்டச் சொல்லட்டுங்களா, மகன்கிட்டச் சொன்னாப் போதுங்களா?" என்று பெரியவரையே கேளுங்க. மகனிடம் சொல்லச் சொன்னால் அது அவர் முடிவு. "புத்துத்தானுங்க சாமி?" என்று அவரே கேட்டதையும் பார்த்திருக்கிறேன்.

கேள்வி (உதவியாளர், கோபி): டாக்டர் நகர்ந்ததும் என்னைக் கேட்கிறார்கள்.

பதில்: "ஒண்ணும் இருக்காதுங்க" என்று மட்டும் சொல்லிவிடாதீங்கம்மிணி. தண்ணி கொடுத்துப் பக்கத்தில் நில்லுங்க, டாக்டரைக் கூப்பிடுங்க.

கேள்வி (பொள்ளாச்சி): வேர் சிகிச்சையில் ஃபைல் (வேரைச் சுத்தம் செய்யும் மெல்லிய கம்பி) உடைந்து பல்லுக்குள்ளே நின்றுவிட்டது. சொல்லணுமா?

பதில்: அன்றைக்கே, எக்ஸ்ரேவைக் காட்டி. கேஸ் ஷீட்டிலும் எழுதுங்க. துண்டு உள்ளே இருந்தும் பல் நிலைப்பது உண்டு. வேறு டாக்டர் சொல்லித் தெரிந்தால் உங்கள் மேல் நம்பிக்கை நிலைக்காது.

கேள்வி (கல்லூரி ஆசிரியர், ஈரோடு): இதை வகுப்பில் எப்படிக் கற்றுக்கொடுப்பது?

பதில்: மூன்று மூன்று பேராகப் பிரியுங்க. ஒருவர் டாக்டர், ஒருவர் நோயாளி, ஒருவர் கவனிப்பவர். நோயாளியை நிஜ நாற்காலியில் பஞ்சோடு படுக்கவையுங்க. சேதி சொன்ன பிறகு முதலில் பேசியது யார் என்பதை மட்டும் கவனிப்பவர் எழுதட்டும்.